வாசலில் திருப்பி அனுப்பத் தெரிந்த இடத்துக்கே என் மதிப்பெண்

வீட்டில் மராமத்து வேலை, வெட்டிப்போட்ட மரக்கிளை, ஒழித்துக்கட்ட வேண்டிய பழைய சாமான் என்று ஏதாவது ஒரு காரணத்தால் பெருநகரத்தை ஒட்டியிருக்கும் மூன்று வகை இடங்களுக்கு நான் போய்வந்துகொண்டே இருக்கிறேன். ஒன்று பொதுக் குப்பைக் கிடங்கு. இன்னொன்று, தோண்டிய மண், உடைத்த செங்கல், காங்கிரீட் மாதிரி சுத்தமான பொருட்களை மட்டும் வாங்கிக் கொட்டிக்கொள்ளும் கிளீன்ஃபில். மூன்றாவது, இலைதழையையும் சமையலறைக் கழிவையும் மட்கவைத்து உரமாக நமக்கே திருப்பி விற்கும் கம்போஸ்ட் நிலையம். ஊருக்கு ஊர் பெயரும் நிர்வாகமும் மாறுமே தவிர வேலை ஒன்றுதான். அதனால் எந்த இடத்தின் பெயரையும் சொல்லாமல், இவற்றை எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பதையே எழுதுகிறேன்.

இந்த மாதிரி இடங்களுக்கு இணையத்தில் மக்கள் போடும் நட்சத்திரங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எதைக் கொண்டுபோனாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள் என்று ஐந்து நட்சத்திரம். லோடைக் கிளறிப் பார்த்தார்கள், பாதியைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார்கள் என்று ஒரு நட்சத்திரம். நான் இதை அப்படியே தலைகீழாகப் போடுவேன். ஹோட்டலிலோ துணிக்கடையிலோ வாசலில் வரவேற்பு நன்றாக இருந்தால் போதும், இங்கே அப்படி இல்லை, வாசலில் நிற்கும் ஆள் எதை வேண்டாம் என்று சொல்கிறார் என்பதில்தான் அந்த இடத்தின் மொத்தத் தரமும் இருக்கிறது, ஏனென்றால் உள்ளே போய் மற்றவற்றோடு கலந்துவிட்டதை அதற்கப்புறம் யாராலும் முழுசாகப் பிரித்து எடுக்க முடியாது.

முதலில் எடை மேடை. வண்டி உள்ளே போகும்போது ஒரு தடவை, கொட்டிவிட்டு வெளியே வரும்போது ஒரு தடவை எடை போட்டு, வித்தியாசத்துக்குக் காசு வாங்குகிற இடம்தான் நியாயமான இடம். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்கிற இடத்தில் ஒன்று நாம் ஏமாறுவோம், இல்லையென்றால் அவர்கள் ஏமாறுவார்கள். அதைவிட முக்கியமாக, அங்கே என்னென்ன எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற கணக்கே இருக்காது. ரசீதில் எடை மட்டும் போடாமல் என்ன வகைக் கழிவு என்றும் போட்டுத் தருகிறார்களா என்று பாருங்கள். எந்த மலையின் எந்த மூலையில் எது புதைந்திருக்கிறது என்று இருபது வருஷம் கழித்து யாராவது தேடினால் அந்தத் தாள்தான் உதவும்.

சரி, பொதுக் குப்பைக் கிடங்கு. நாம் போகிறபோது பெரும்பாலும் நிஜமான கிடங்கு வரைக்கும் விடமாட்டார்கள், முன்னாலேயே ஒரு பெரிய கொட்டகையில் கொட்டச் சொல்லி, அங்கிருந்து பெரிய லாரியில் ஏற்றிப் போவார்கள். அது நல்ல ஏற்பாடு. கொட்டகையின் சிமெண்டுத் தரையில் குப்பை பரந்து கிடக்கும்போது, கூடாத பொருளைக் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. கிடங்கு வரைக்கும் நம்மை விட்டால், நான் முதலில் பார்ப்பது அன்றைக்குக் கொட்டுகிற முகப்பு எவ்வளவு அகலம் என்பதை. ஒழுங்காக நடக்கும் கிடங்கில் திறந்து கிடக்கும் இடம் சின்னதாக இருக்கும், மற்ற பகுதியெல்லாம் மண்ணால் மூடியிருக்கும். அன்றாடம் வேலை முடிந்ததும் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் மண்ணோ அதற்கு ஈடான வேறொன்றோ போட்டு மூட வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. மூடவில்லை என்றால் என்ன ஆகும் என்பதைக் காக்கை, நாய், ஈ, காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை எல்லாம் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே சொல்லிவிடும்.

நம் கண்ணுக்குத் தெரியாத விஷயம் அடியில் இருக்கிறது. நவீனக் கிடங்கின் அடியில் இறுக்கிய களிமண், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கும் மேலே குப்பையிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரைச் சேகரிக்கும் குழாய்கள். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் போச்சு. மேலே, காற்றுப் புகாமல் அழுகும் குப்பையிலிருந்து வருகிற வாயுவில் பாதிக்குப் பாதி மீத்தேன். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது அது. குழாய் இறக்கி அதை உறிஞ்சி எரிக்கும், முடிந்தால் மின்சாரம் தயாரிக்கும் கிடங்குக்கும், அப்படியே காற்றில் விடுகிற கிடங்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மூடிய கிடங்கின் மேல் செங்குத்தாக நிற்கும் குழாய்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வரும்.

இதெல்லாம் இல்லாத இடத்தைக் கிடங்கு என்றே சொல்லக்கூடாது, அது வெறும் மேடு. கொழும்பு மீத்தோட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளில், குப்பைமேடு சரிந்து பக்கத்து வீடுகள் புதைந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அடிஸ் அபாபாவின் கோஷே மேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் குப்பை பற்றியெரிந்து ஒரு வாரத்துக்கும் மேலாக நகரம் புகையில் கிடந்தது. இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டுதான் நான் வாசல்காரரின் கெடுபிடியைப் பார்க்கிறேன். பிரிக்காத ஈரக்குப்பையும் எரியக்கூடிய பொருளும் ஒரே இடத்தில் உயரமாகக் குவியாமல் தடுக்கும் முதல் ஆள் அவர்தான்.

லித்தியம் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஃபோன், பவர் பேங்க், பொம்மை, மின்சாரப் பல்துலக்கி என்று பலவற்றில் அது இருக்கிறது. குப்பை லாரி உள்ளே அமுக்கும்போதோ, கிடங்கில் பெரிய இயந்திரம் ஏறி மிதிக்கும்போதோ நசுங்கினால் அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். பேட்டரிக்கென்று தனி டப்பா, பெயிண்ட்டுக்கும் பூச்சிமருந்துக்கும் பழைய எண்ணெய்க்கும் தனி அலமாரி, பழைய குளிர்சாதனப்பெட்டியின் வாயுவை எடுப்பதற்கு ஏற்பாடு, இந்த மூன்றும் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற இடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் மதிப்பெண் தருவேன். ஆனால் அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று நாமாகக் கேட்டால்தான் காட்டுகிறார்கள், அதுவும் ஏதோ நாம் தொந்தரவு கொடுக்கிறோம் என்ற முகத்தோடு. இதை மாற்ற ஒரு பெரிய பலகை போதும்.

இப்போது கிளீன்ஃபில். இதைப் பற்றித்தான் மக்களுக்கு இருப்பதிலேயே தப்பான எண்ணம். மண்ணும் கல்லும்தானே, எங்கே கொட்டினால் என்ன என்று நினைக்கிறார்கள். குப்பைக் கிடங்குக்கு இருக்கிற அடிவிரிப்பு, குழாய், கறுப்புத் தண்ணீர் சுத்திகரிப்பு எதுவுமே இதற்கு இருக்காது. ஏன் தேவையில்லை என்றால், உள்ளே போவது அழுகாது, கரையாது, எரியாது என்ற ஒரே நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை பொய்த்தால் நேராக நிலத்தடி நீருக்குத்தான் போகும். அதனால்தான் மூன்று இடங்களிலும் வாசலில் மிகக் கறாராக இருக்க வேண்டிய இடம் இதுதான் என்கிறேன். நடைமுறையில் பார்த்தால், இங்கேதான் பெரும்பாலும் யாருமே எட்டிப் பார்ப்பதில்லை. நான் ஒரு இடத்துக்குப் போயிருந்தபோது எனக்கு முன்னால் நின்ற டிப்பரில் மண்ணுக்கு நடுவே ஜிப்சம் போர்டும் பெயிண்ட் அடித்த பலகையும் துருத்திக்கொண்டிருந்தன, ஆள் தாளில் கிறுக்கி உள்ளே அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஜிப்சம் போர்டு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். சுவரில் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. மண்ணுக்கடியில் ஈரத்தில், காற்றில்லாமல், பக்கத்தில் மட்கும் பொருள் கொஞ்சம் இருந்தால், அதிலுள்ள சல்ஃபேட்டைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். நாற்றம் பெரிய விஷயமில்லை, அளவு கூடும்போது மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும் என்பதுதான் ஆபத்து. அதே மாதிரி, கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம். பழைய வகை மருந்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் உண்டு. அதைப் புதைத்தாலும் கெடுதல், எரித்தால் சாம்பலிலும் ஆர்சனிக், தூளாக்கிக் கம்போஸ்டில் போட்டால் நேராக நம் காய்கறிப் பாத்திக்கு வரும். பழைய கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கக்கூடாது, நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கென்று அனுமதி உள்ள கிடங்குக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். ஷீட்டை ஒரு நல்ல கிளீன்ஃபில் ஒருபோதும் வாங்காது. வாங்கினால் அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறெதுவும் வேண்டாம்.

வெறும் மண்ணிலும் பிரச்சினை உண்டு. பழைய பெட்ரோல் பங்க், பட்டறை, மருந்தடித்த தோப்பு இருந்த மனையில் தோண்டிய மண்ணைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த மண் எந்த மனையிலிருந்து வருகிறது, முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேட்டு, சந்தேகம் வந்தால் ஆய்வகச் சான்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. காண்டிராக்டர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலுக்காகவே நான் அந்த இடத்தைச் சிபாரிசு செய்வேன்.

மண்மேடும் சரியும் என்பதை ஷென்ஜென் காட்டியது. 2015 டிசம்பரில் அந்த நகரத்தின் ஓரத்தில், தோண்டிய மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டிவைத்திருந்த இடம் ஈரம் வடிய வழியில்லாமல் ஊறி, இளகி, கீழேயிருந்த கட்டடங்களின் மேல் பாய்ந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அங்கே அழுகும் குப்பை காரணமில்லை, அளவுக்கு மீறிக் கொட்டியதும் வடிகால் இல்லாததும்தான் காரணம். அதனால் கிளீன்ஃபிலுக்குப் போகும்போது சரிவு படிப்படியாக வெட்டியிருக்கிறதா, மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் இருக்கிறதா, இயந்திரம் வைத்து இறுக்குகிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கூலி குறைவு என்பதற்காக மட்டும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நடைமுறைக்கு ஒன்று. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் வரை இருக்கும், காங்கிரீட் என்றால் 2.4 டன். சின்ன வண்டியில் பார்வைக்குப் பாதிகூட நிரம்பாதபோதே தாங்கும் எடையைத் தாண்டியிருக்கும். காங்கிரீட்டையும் செங்கலையும் மண்ணோடு கலக்காமல் தனியாகக் கொண்டுபோனால், அதை நொறுக்கி, கம்பியைக் காந்தத்தால் இழுத்தெடுத்து, சாலைக்கு அடியில் போடும் ஜல்லியாக மாற்றும் இடம் பக்கத்திலேயே இருக்கலாம். புதைப்பதைவிட அது எவ்வளவோ மேல், பல இடங்களில் காசும் குறைவாக வாங்குவார்கள்.

கம்போஸ்ட் நிலையம்தான் எனக்கு இந்த மூன்றிலும் பிடித்தது, அதனாலேயே இதைப் பற்றி அதிகம் குறை சொல்வேன். இங்கே நாம் கொடுத்தது நம்மிடமே திரும்பி வருகிறது. கொடுக்கும்போது செய்த அலட்சியம் வாங்கும்போது மூட்டையில் தெரியும். நல்ல கம்போஸ்ட் ஆக்குவது பெரிய ரகசியமில்லை. காய்ந்த சருகும் மரத்தூளும் தருகிற கரிச்சத்து 25 முதல் 30 பங்கு, பச்சை இலையும் சாப்பாட்டுக் கழிவும் தருகிற தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்று வரும்படி கலக்க வேண்டும், இது சத்தின் கணக்கு, சருகின் அளவு இல்லை. கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வருகிற ஈரம், அப்புறம் காற்று. இது சரியாக இருந்தால் குவியல் தானாகச் சூடேறும். களை விதையும் நோய்க்கிருமியும் சாக வேண்டுமென்றால் 55 டிகிரியைத் தொட்டு நிற்க வேண்டும். நீளக் குவியலாகப் போட்டுப் புரட்டும் முறைக்கு அமெரிக்க விதிப்படி குறைந்தது 15 நாள் அந்தச் சூடு இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்ட வேண்டும். புரட்டாமல் விட்டால் வெளித்தோல் சூடேறவே ஏறாது, அங்கேயுள்ள விதை உயிரோடு நம் தோட்டத்துக்கு வரும். குவியலில் குத்திவைத்த நீளமான வெப்பமானி எங்கேயாவது தென்படுகிறதா, தேதி எழுதிய பலகை இருக்கிறதா என்று நான் எப்போதும் பார்ப்பேன். கேட்டால் வெப்பப் பதிவேட்டை எடுத்துக் காட்டுகிற இடமென்றால் அங்கேயே மூட்டை வாங்கலாம்.

குறை எங்கே வருகிறதென்றால், மறுபடியும் வாசலில்தான். பச்சைக் கழிவு என்ற பெயரில் வருகிற லோடில் பிளாஸ்டிக் கயிறு, செடித்தொட்டி, பழத்தில் ஒட்டும் ஸ்டிக்கர், கண்ணாடித் துண்டு எல்லாம் வரும். அரைக்கும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் எடுத்தால் எடுத்தது, அரைத்துவிட்டால் ஒரு பை ஆயிரம் துணுக்காகிவிடும், சல்லடையில்கூட நிற்காது. மக்கும் என்று அச்சடித்த பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரத்தில் அந்தச் சான்று என்பது தொழிற்கூடச் சூட்டில் 12 வாரத்தில் துண்டுதுண்டாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் மட்க வேண்டும் என்ற கணக்கு. வீட்டு உரக்குழியின் சூட்டில் அந்தக் கணக்கு செல்லாது. பல நிலையங்கள் ஆறேழு வாரத்திலேயே சூட்டு வேலையை முடித்துவிடும், பை அப்படியே கிடக்கும். அதனால் அந்தப் பைகளையே வாங்காத நிலையங்களைப் பார்த்து மக்கள் கோபப்படுகிறார்கள், எனக்கு அது நேர்மையாகத்தான் படுகிறது.

இன்னொரு விஷயம் களைக்கொல்லி. குளோபைரலிட், அமினோபைரலிட் என்று சில மருந்துகள் புல்லில் அடித்தால் புல்லுக்கு ஒன்றும் ஆகாது, அகல இலைக் களை மட்டும் சாகும். கம்போஸ்ட் சூட்டில் அது சீக்கிரம் சிதையாது, மாடு தின்று சாணியாக வந்தாலும் போகாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2000 வாக்கில் இந்தப் பிரச்சினை பெரிதாக வெடித்தது, பிரிட்டனில் 2008இல் அமினோபைரலிட் விற்பனையையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். உரத்தில் இந்த மருந்து மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் தக்காளி, அவரை, பட்டாணி இலைகள் கிண்ணம் மாதிரி சுருண்டுவிடும். நான் ஒரு நிலையத்தில் வாங்கிய உரத்தில் இது நடந்தது, நுனி இலையெல்லாம் முறுக்கிக்கொண்டு அந்தப் போகமே வீணானது. போய்ச் சொன்னபோது வெயில் அதிகம் என்றார்கள். வெயிலில் இலை வாடும், கருகும், இப்படி முறுக்காது. எங்கள் லோடுகளில் புல்வெளி மருந்து அடித்த புல் வந்ததா என்று பார்க்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்.

அதற்கப்புறம் எந்த உரம் வாங்கினாலும் முதலில் சோதித்துவிடுகிறேன். சில தொட்டிகளில் உரமும் சாதாரண மண்ணும் கலந்து, சில தொட்டிகளில் வெறும் மண் மட்டும் வைத்து, எல்லாவற்றிலும் அவரை விதை போட்டு, மூன்று வாரம் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் தாராளமாகப் பாத்தியில் போடலாம். உரம் கலந்ததில் மட்டும் இலை சுருண்டால் வேண்டாம். முளைப்பே குறைவாக இருந்தால் உரம் இன்னும் முதிரவில்லை என்று அர்த்தம், கொஞ்ச மாதம் நிழலில் போட்டுவைத்தால் சரியாகும். முதிராத உரத்தை மூக்கிலும் கண்டுபிடிக்கலாம், அமோனியா நெடியோ புளிப்பு நெடியோ அடிக்கும். முதிர்ந்தது காட்டு மண் வாசனை அடிக்கும்.

விலைக்கு உரம் வாங்க வேண்டாம், கொட்ட மட்டும் போகிறேன் என்பவர்களுக்கு: லோடின் மேல் வலையோ தார்ப்பாயோ கட்டாமல் போகாதீர்கள், பல இடங்களில் அபராதம் உண்டு. விடுமுறை நாள் காலையில் வரிசை நீளும், வார நாள் மதியம் போனால் சிரமமில்லை. செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போட்டுப் போங்கள், ஆணி கிடக்கும். குழந்தைகளை வண்டியை விட்டு இறக்காதீர்கள்.

ஊழியர்களைப் பற்றி எனக்குப் பெரும்பாலும் நல்ல அனுபவம்தான். வெயிலிலும் நாற்றத்திலும் நாள் முழுக்க நின்று, வருகிற ஒவ்வொருவரின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு, அந்தப் பலகையைத் தனியாக வையுங்கள், இந்த டின்னைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்களிடம் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. நல்ல முகமூடியும் கையுறையும் கொடுக்காத நிர்வாகத்தைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

மொத்தத்தில், பொதுக் கிடங்குகளுக்கு ஐந்துக்கு மூன்று தருவேன், தனி டப்பா வசதியும் எடை மேடையும் உள்ளவற்றுக்கு நான்கு. கம்போஸ்ட் நிலையங்களுக்கு மூன்றரை, வெப்பப் பதிவேடு காட்டினால் ஐந்து. கிளீன்ஃபில்லுக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை, லோடைக் கொட்டச் சொல்லிப் பரப்பிப் பார்த்து, கூடாததை நம் வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்ட ஒரே ஒரு இடத்தைத் தவிர.

உரம் வாங்குபவர்கள் மூட்டையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கம்போஸ்டிலும் தொட்டி மண்ணிலும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவின் ஒரு வகை இருக்கலாம், தூசியோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியா வரலாம். வயதானவர்களும் புகைபிடிப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, அப்புறம் அள்ளுங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.